கதவோரம் உட்கார்ந்த பேராசிரியர்

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியப் பெருமக்களே, பனியில் ரயில் தாமதமாகியும் தோக்கியோவிலிருந்தும் சப்போரோவிலிருந்தும் இந்தத் தொயாமா நகருக்கு வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி குஸுமோத்தோ சதோயே அம்மையார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் செகாவா குனிஹிக்கோவின் துயரம் தோய்ந்த வணக்கம். மலைக்கு அடியில், சுரங்கத்துக்குள், அடுத்த விண்மீன் எப்போது வெடிக்கும் என்று, அதிலிருந்து வரும் நுண்துகள்களைப் பிடிக்கப் பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு காவலிருக்கும் தோழர்களும் வந்திருக்கிறார்கள். அங்கே யாரையாவது காவலுக்கு விட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்றைக்குப் பார்த்து ஒரு விண்மீன் வெடித்து, நீங்கள் எல்லாரும் இங்கே அழுதுகொண்டிருந்தீர்கள் என்றால், இறந்தவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

உள்ளே வரும்போது உங்களில் பலர் திகைத்து நின்றதைப் பார்த்தேன். மேடையில் வெள்ளைச் சாமந்திகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே, படம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு நாற்காலி. அதில் உயிரோடு ஒரு பெண்மணி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நம் மதிப்பிற்குரிய பேராசிரியர் முனைவர் குஸுமோத்தோ ரியோஹெய் அவர்களின் படமோ கதவுக்குப் பக்கத்தில், ஈரக் குடைகள் வைத்திருக்கும் இடத்தில், ஒரு மடக்கு நாற்காலி மேல் இருக்கிறது. இந்த விடுதியின் மேலாளர் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். எங்கள் ஊழியர்கள் தவறுதலாக வைத்துவிட்டார்கள், உடனே மாற்றிவிடுகிறோம் என்று தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. படம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஏன் சரி என்று சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

மேடையில் உட்கார்ந்திருப்பவர் யாகுரா மினே. எங்கள் துறையில் கணினிக்குள் விண்மீன்களை விழவைத்துப் பார்ப்பவர். அவரைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அவர் மன்றாடினார். பேராசிரியரின் துணைவியார் சதோயே அம்மையார்தான் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தார்.

நண்பர்களே, சென்செய் என்று நாங்கள் அழைத்த எங்கள் ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. பொருளை அமுக்கிக்கொண்டே போனால் அது எவ்வளவு திருப்பித் தள்ளும்? குழந்தை கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் அமுக்கிப் பார்த்தது பஞ்சுத் தலையணையை அல்ல. பெரிய விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்து, தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்நோக்கி விழுகிறது. பூமியளவு இருந்த அதன் நடுப்பகுதி, நாம் ஒரு மூச்சு விடுவதற்குள், இந்த நகரத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அணுவின் கருக்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, இனி நகர இடமில்லை என்று நிற்கும் கணம் வருகிறது. அந்தக் கணத்தில் பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கும்? எல்லாமே அதைப் பொறுத்ததுதான். விண்மீன் வெடித்துச் சிதறுமா, நியூட்ரான் விண்மீனாக மிஞ்சி நிற்குமா, கருந்துளையாகி இருந்த இடம் தெரியாமல் போகுமா என்பது அந்த முரண்டில்தான் இருக்கிறது.

செய்தித்தாள்காரர்கள் அவரிடம் வரும்போதெல்லாம், நியூட்ரான் விண்மீனில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் மலையளவு எடை இருக்குமாமே என்றுதான் ஆரம்பிப்பார்கள். சென்செய்க்கு அந்தத் தேக்கரண்டியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "கரண்டியால அள்ள முடியும்னு யாருங்க சொன்னது? அள்ளினா வெளிய வந்து வெடிச்சிரும். கரண்டியும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க" என்பார். அவர்கள் சிரித்துவிட்டு, மறுநாள் தேக்கரண்டிப் படத்தையே போடுவார்கள்.

அந்தக் கேள்விக்கு அவர் தந்த விடை ஓர் அட்டவணை. இன்ன அடர்த்தி, இன்ன வெப்பம், இத்தனை பங்கு புரோட்டான் என்றால் அழுத்தம் இவ்வளவு என்று எண்கள், எண்கள், முடிவே இல்லாத எண்கள். உலகத்தில் எங்கே யார் கணினியில் விண்மீனை விழவைத்தாலும், விழுகிற விண்மீன் ஒவ்வொரு கணமும் அந்த அட்டவணையைக் கேட்கும்: இப்போது நான் எவ்வளவு தள்ள வேண்டும்? அட்டவணை சொன்னபடிதான் அது தள்ளும். அப்படிக் கேட்கப்படும் இடத்தில் ஒரு மனிதர் தன் வாழ்நாளைக் கொண்டுபோய் வைத்தார் என்றால், அவருக்கு எத்தனை துணிச்சல் இருந்திருக்க வேண்டும்? எத்தனை பயம் இருந்திருக்க வேண்டும்?

அமுங்கும் பொருள் நேராக ஒரே கூழாகிவிடுவதில்லை. முதலில் உருண்டை, பிறகு குச்சி, பிறகு தகடு, பிறகு ஓட்டை விழுந்த குழல், கடைசியில்தான் ஒரே மாவு. வெளிநாட்டு நூல்கள் இந்த வடிவங்களுக்கு இத்தாலிய உணவுகளின் பெயரைச் சூட்டியிருக்கின்றன. சென்செய்க்கு அதில் உடன்பாடு கிடையாது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் பண்டக் கடைக்கு விருந்தினர்களை இழுத்துப்போவார். அரைத்த மீன் மாவில் உருண்டையும் குச்சியும் தகடும் குழலும் செய்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றாக வாங்கித் தின்னக் கொடுத்து, கடைசியில் அம்மியில் கிடக்கும் மாவைக் காட்டி, விண்மீனின் நடுப்பகுதி இதுதான் என்பார். கடைக்கார அம்மாள் இங்கே வந்திருக்கிறார். உலகின் பெரிய பெரிய அறிஞர்கள் தன் மாவை ஏன் அப்படி முறைத்துப் பார்த்தார்கள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

சரி, கதவோரத்துக்கு வருகிறேன்.

நம் விருந்துகளில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. சொல்லாமலே தெரியும். ஓவியம் தொங்கும் மாடத்தின் முன்னால் பெரியவர். கதவோரத்தில், குளிர்காற்று முதுகில் அடிக்க, கடைசி ஆள். பணிப்பெண் நீட்டும் தட்டுகளை வாங்கி மேலே அனுப்புவதும், அரிசி மதுவான சாகே தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் அவன் வேலை. நான் இந்தத் துறையில் சேர்ந்த புதிதில் கடைசி ஆள் நான்தான். அந்த ஆண்டு சென்செய் தன் முதல் அட்டவணையை முடித்துவிட்டு மலர்ந்த முகத்தோடு மாடத்தின் முன் உட்கார்ந்திருந்தார். விருந்துக்குச் சற்று முன்புதான் அவருடைய கணக்கில் ஒரு கழித்தல் குறி கூட்டல் குறியாக இருப்பதை நான் கண்டுபிடித்து, எழுதி, அவர் மேசையில் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

பார்த்திருந்தார். முதல் கோப்பையை ஊற்றும் முன் எழுந்தார். எல்லாரையும் தாண்டிக் கதவருகே வந்து நின்றார்.

"எழுந்திரு செகாவா. அங்க போய் உட்காரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர், விளையாட்டு வேண்டாம் குஸுமோத்தோ என்று முனகினார். சென்செய் அசையவில்லை. நான் போய் மாடத்தின் முன் உட்கார்ந்தேன். அன்றைக்கு வைத்த வெள்ளை இறாலை நான் தொடவே இல்லை. அவரோ கதவோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டுகளை வாங்கி வாங்கி மேலே அனுப்பினார். விருந்து முடிந்து செருப்பு மாட்டும்போது என் காதருகே வந்து சொன்னார்: "மோசமில்லைய்யா அந்த எடம். எல்லாத் தட்டும் முதல்ல அங்கதான் வருது."

அன்றிலிருந்து அதுவே எங்கள் துறையின் சட்டமாயிற்று. சென்செய்யின் அட்டவணையில் பிழை கண்டவர் மாடத்தின் முன்னால். சென்செய் கதவோரம். வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், போட்டிக் குழுவிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரியென்றே சொல்லத்தக்க ஒருவரும் உட்கார்ந்து மூக்கு முட்டச் சாப்பிட்டிருக்கிறார். பிழை கண்டுபிடித்ததற்காக எத்தனையோ துறைகளில் ஆள்கள் ஒதுக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பிழை கண்டுபிடித்ததற்காக ஒருவருக்குச் சூடாகச் சாகே ஊற்றிக்கொடுத்த பேராசிரியரை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

ஓர் ஆண்டு வானமே அவருடைய பிழையைப் பிடித்துவிட்டது. இரண்டு சூரியன்களின் எடையுள்ள நியூட்ரான் விண்மீன் ஒன்று இருப்பதாக அளந்து சொன்னார்கள். அப்போதைய அட்டவணையில் சென்செய் சில அரிய துகள்களையும் சேர்த்திருந்தார். அவை சேர்ந்தால் பொருள் மெத்தென்று ஆகிவிடும். அவ்வளவு எடையைத் தாங்காது. அவர் கணக்குப்படி அந்த விண்மீன் எப்போதோ நொறுங்கிக் கருந்துளையாகியிருக்க வேண்டும். அதுவோ அங்கே நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு விருந்தில் சென்செய் வந்தவுடன் நேராகக் கதவோரத்துக்குப் போனார். மாடத்தின் முன் ஒரு திண்டைப் போட்டு, கோப்பையில் சாகே ஊற்றி வைக்கச் சொன்னார். யாருக்கு என்று கேட்டோம்.

"கண்டுபிடிச்சவருக்கு. அவரால வர முடியாது. தூரம்."

விருந்து முழுவதும் அந்த விண்மீனின் திண்டு காலியாகவே இருந்தது. ஒவ்வொரு தட்டும் முதலில் அதற்குத்தான் போயிற்று. விளையாட்டென்று நினைத்துச் சிரித்தோம். ஆனால் அவர் அந்தக் கோப்பையைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. பல ஆண்டு உழைப்பு போய்விட்டது அவருக்கு. வலித்தது. வலித்தும் தட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு எல்லாரும் மலையேறவும் தோட்டம் போடவும் போவார்கள். சென்செய் எங்கள் அலுவலகத்தின் ஒரு மூலைக்கு வந்து, சம்பளமும் பதவியும் இல்லாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு சூரியனையும் தாங்குகிற, குச்சியையும் குழலையும் ஒழுங்காகக் கணக்கிடுகிற புதிய அட்டவணை. அதில் என் பெயரையும் சேர்க்கிறேன் என்றார். நான் மறுத்துவிட்டேன். சண்டை போடுவதுதான் என் வேலை, கூட்டாளியானால் சண்டை போட முடியாது என்றேன். சண்டை போட்டோம். நன்றாகவே போட்டோம். போன இளவேனிலில் அட்டவணை வெளிவந்தது. உலகம் முழுவதும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். சென்செய் என்னிடம் வந்து, "இந்தத் தடவை ஒருத்தனும் என்னைக் கதவுகிட்ட அனுப்ப முடியாது. மாடத்து முன்னால உட்காந்துதான் சாவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோடையில் கணையத்தில் நோய் என்று தெரிந்தது. இலையுதிர் காலத்தில் மருத்துவமனையில் படுத்துவிட்டார்.

அப்போதுதான் யாகுரா ஒரு நாள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்துகிற ஆள் அல்ல.

"என் விண்மீன் வெடிச்சிருச்சு" என்றார்.

கணினிக்குள் விண்மீனை வெடிக்க வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது இங்கே பலருக்குத் தெரியும். வானத்தில் தாராளமாக வெடிப்பவை, நம் கையில் வந்ததும் பாதி வழியில் மூச்சு நின்று உட்கார்ந்துவிடும். நான் எழுந்து வாழ்த்துச் சொன்னேன்.

"வாழ்த்தாதீங்க. ரொம்ப சுலபமா வெடிச்சிருச்சு."

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே நிருபர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். யாகுராவுக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி மறுபடி விழவைத்துப் பார்த்தார். அதிக வெப்பத்தில், குழல் கரைந்து மாவாகிற அந்தக் குறுகிய இடத்தில் கோளாறு இருந்தது. அங்கே இரண்டு கணக்குகளைச் சேர்க்க சென்செய் ஒரு வளைகோடு இழுத்திருந்தார். அந்தக் கோட்டில் ஒரு சிறு பள்ளம். அமுக்கினால் எதிர்த்துத் தள்ள வேண்டிய பொருள், அந்த ஓர் இடத்தில் மட்டும் சற்றே இணங்கிப்போயிற்று. அதனால் விழுந்த விண்மீன் தேவைக்கு மேல் அமுங்கி, தேவைக்கு மேல் வேகமாக எழும்பியது. வெடித்தது விண்மீன் அல்ல. பிழைதான் வெடித்தது.

நண்பர்களே, நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாகக் கிடக்கிற மனிதரிடம் போய், உங்கள் கடைசி வேலையும் தப்பு என்று சொல்வதா? நான் யாகுராவிடம், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

"கொஞ்ச நாள்னா? அவர் போற வரைக்குமா?" என்று கேட்டார்.

நான் மேசைத் தாள்களை அடுக்கினேன். அவர் விடவில்லை. அட்டவணை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு வேறொருவர் கண்டுபிடித்து அச்சில் எழுதினால் அவர் அதைப் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு தணிந்த குரலில், "அவருக்குச் சொல்லாம நாம திருத்தினா, அவர் முதுகுக்குப் பின்னால பேசற மாதிரி இருக்கு" என்றார். நான் சதோயே அம்மையாரிடம் கேட்கிறேன் என்று சொல்லி நழுவினேன்.

அம்மையார் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கையிலிருந்த துண்டை நான்காக மடித்துவிட்டுச் சொன்னார்.

"அவர் இப்பல்லாம் தூக்கத்துல சிரிக்கிறார், செகாவா சான். அதை மட்டும் எடுத்துராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். யாகுராவிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன். பார்க்கவாவது வருகிறேன் என்றார். சரி, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி ஒரு பிற்பகலில் அழைத்துப்போனேன்.

சென்செய் மிகவும் இளைத்திருந்தார். சன்னல் பக்கத்து நல்ல நாற்காலியைக் காட்டி யாகுராவை உட்காரச் சொன்னார். யாகுரா கேட்காமல் கதவருகே கிடந்த முக்காலியில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். மருந்து பற்றி, பனி பற்றி, மருத்துவமனைக் கஞ்சி பற்றி நான் உளறிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம் யாகுரா. நல்லதாக ஒரு வார்த்தை சொல்வோமே என்று வாயைத் திறந்துவிட்டார்.

"அட்டவணை ரொம்ப நல்லா ஓடுது, சென்செய். அழகா இருக்கு."

யாகுரா மினே எதையும் அழகு என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தன் திருமணப் படத்தைக் காட்டும்போதே, வெளிச்சம் சரியில்லை என்று சொன்னவர். சென்செய் தலையைத் திருப்பி முக்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செகாவா. யாகுரா என்னைப் பாராட்டுறா. எந்த எடத்துல தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை என்றேன்.

"உனக்குப் பொய் வராதுய்யா. காது செவந்து போச்சு பாரு."

நான் சதோயே அம்மையாரைப் பார்த்தேன். யாகுராவும் அவரைத்தான் பார்த்தார். அம்மையார் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் முழங்கை ஊன்றி, வலியை மறந்து, எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார் அவர்.

"சொல்லிடுங்க, யாகுரா சான்" என்றார் அம்மையார். "இந்த முகத்தை நான் பாத்து ரொம்ப நாளாச்சு."

யாகுரா வாயெடுப்பதற்குள் சென்செய் முந்திக்கொண்டார். "குழல் மாவாகிற எடமா?"

"ஆமா, சென்செய்."

"சூடு ஏறினப்புறம்?"

"ஆமா."

கண்ணை மூடிக்கொண்டார். கட்டில் லேசாக ஆடியது. செவிலியைக் கூப்பிட எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே கோடு இழுக்கும்போதே தனக்கு மனம் ஒப்பவில்லை என்றும், பார்க்க வழவழப்பாக இருந்ததால் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டதாகவும் சொன்னார். எப்படிப் பிடித்தாய், எந்த விண்மீனில், எத்தனை எடை என்று யாகுராவைக் குடைந்து குடைந்து கேட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

"அங்க ஏம்மா உட்காந்திருக்க? எழுந்திரு. அது என் எடம்."

கட்டிலைக் கதவருகே தள்ளச் சொன்னார். செவிலி முடியாது என்றார். ஆக்சிஜன் குழாய் எட்டாதாம். சென்செய் கெஞ்சினார். அந்தப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்தார். அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கியிருக்க வழியே இல்லை. ஆனாலும் குனிந்து சக்கரத்தின் பூட்டை எடுத்து, குழாய் இழுத்த மட்டும், கட்டிலைக் கதவுப் பக்கமாக ஒரு முழம் நகர்த்திவிட்டார். போதும் என்றார் சென்செய். யாகுரா சன்னல் நாற்காலியில் உட்கார்ந்தார். இரவு உணவுத் தட்டு வந்தது. அவருக்கான கஞ்சியும் ஒரு கிண்ணத்தில் பழ ஜெல்லியும். சென்செய் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினார். அந்த ஜெல்லிக் கிண்ணத்தை என்னிடம் தந்து சன்னலைக் காட்டினார்.

"முதல்ல அங்க."

யாகுரா அதைச் சாப்பிட்டார். அழுதுகொண்டே, ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அங்கேயே அறிவிப்பை அவர் சொல்லச் சொல்ல நான் கைப்பேசியில் எழுதினேன். அட்டவணையின் இன்ன பகுதியைப் பயன்படுத்த வேண்டாம், பிழையைக் கண்டவர் யாகுரா மினே. கீழே வருந்துகிறேன் என்று நானாகச் சேர்த்தேன். அதை எடுக்கச் சொன்னார். "வருத்தம் என்னய்யா வருத்தம். நன்றின்னு போடு." நன்றி என்றே போட்டு உலகத்துக்கு அனுப்பினோம். சிலர் எரிச்சலோடு பதில் எழுதினார்கள். அவர்களுடைய விண்மீன்களும் வெடித்திருந்தன போலும்.

அடுத்த வாரம், மலைகள் பளிச்சென்று தெரிந்த ஒரு காலையில், சென்செய் காலமானார்.

என் மனத்தை ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தூக்கத்துச் சிரிப்பை நாங்கள் எடுத்துவிட்டோமா? இறுதிச் சடங்கு முடிந்ததும் அம்மையாரிடம் கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

"அதுக்கப்புறம் அவர் எங்க தூங்கினார், செகாவா சான்? அந்த எடத்தை அடுத்த தடவை எப்படிச் செய்யணும்னு விடிய விடிய என்கிட்ட பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியல. கல்யாணமான புதுசுல இருந்த மாதிரி இருந்துது."

படத்தைக் கதவோரம் வைக்கச் சொன்னதும் அவர்தான்.

பெரியோர்களே, குஸுமோத்தோ ரியோஹெய் மாபெரும் அறிஞர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மை. விருதுகளை வரிசையாகச் சொன்னார்கள். அதுவும் உண்மை. நான் சொல்ல விரும்புவது வேறு. விண்மீனின் நடுவே பொருள் எவ்வளவு அமுங்கும் என்று கேட்ட அந்த மனிதர், தான் மட்டும் எந்த அமுக்கத்திலும் பொய்யாக இணங்கிப்போகவில்லை. அப்படிப்பட்ட ஒருவரோடு சண்டை போடக் கிடைத்ததே, இதைவிட எனக்கு என்ன வேண்டும்? இனி நான் யாரோடு போய்ச் சண்டை போடுவேன்?

அழ வேண்டாம் என்று நினைத்திருந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டவணையை யாரும் கைவிடப் போவதில்லை. அந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று அவர் அம்மையாரிடம் பேசியதில் பாதியை யாகுராவும் நானும் ஊகித்துவிட்டோம். மீதியைச் செய்தே கண்டுபிடிப்போம். இனி வரும் அட்டவணையில் என் பெயர் இருக்கும். இத்தனை காலம் தள்ளி நின்றது போதும். அதிலும் பிழை இருக்கும், நண்பர்களே. நிச்சயமாக இருக்கும். இந்த அவையில் இருக்கும் யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள். தயவுசெய்து பாராட்டாதீர்கள். நேராக வந்து சொல்லுங்கள்.

முன்வரிசையில் எனக்கு ஓர் இருக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி. ஆனால் பேசி முடித்ததும் நான் அங்கே போகப் போவதில்லை.

சென்செய், குடைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு நகர்ந்து உட்காருங்கள். நானும் அங்கேதான் வருகிறேன்.